டிராகன்ஃபெல்ஸ்: ஏற ரயில், இறங்கக் கால்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஒரு நாள் எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று ஜெர்மனியில் பான், கொலோன் பக்கத்துத் தமிழர்களிடம் கேட்டால் முதலில் கொலோன் பேராலயம் என்பார்கள். அடுத்த மூச்சில் டிராகன்ஃபெல்ஸ் என்பார்கள். அதோடு சரி. எப்படி ஏறுவது, எங்கே இறங்குவது, யார் நடக்கலாம், முழங்கால் வலிக்காரர்களை என்ன செய்வது என்றெல்லாம் யாரும் விளக்குவதில்லை. நாங்கள் பானில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளையெல்லாம் இந்த மலைக்குத்தான் கூட்டிப்போகிறோம் என்பதால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

கருத்து இதுதான்: மேலே ரயிலில் போங்கள். நடு ஸ்டேஷனில் இறங்கி மாளிகையைப் பாருங்கள். உச்சியில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் தெற்குப் பக்கமாக ரோண்டோர்ஃப் ஊருக்கு நடந்து இறங்குங்கள். வந்த ரயிலிலேயே எல்லோரும் திரும்பிவிட்டால் இந்த மலையின் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அதுவும் கூட்டம் நிறைந்த பாதியை.

உயரம் 321 மீட்டர்தான். மலை என்று சொல்லவே நம் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமாக இருக்கும். மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தனூண்டு கரட்டுக்கா ரயிலு உடறாங்க?" என்றுதான் கேட்டார். ஆனால் ரைன் ஆற்றங்கரையிலிருந்து சட்டென்று எழும்பி, தலையில் ஓர் இடிந்த கோட்டையைச் சுமந்து நிற்பதால் பார்வைக்கு இரண்டு மடங்கு உயரம் தெரிகிறது. வீரன் சீக்ஃப்ரீட் டிராகனைக் கொன்று அதன் ரத்தத்தில் குளித்தது இங்கேதான் என்பது கதை. ரத்தம் பட்ட உடம்பை எந்த ஆயுதமும் துளைக்காது. ஆனால் முதுகில் ஒரு லிண்டன் மரத்து இலை ஒட்டிக்கொண்டதால் அந்த ஓர் இடம் மட்டும் ரத்தம் படாமல் போய், பிற்பாடு ஈட்டி அங்கேயே பாய்ந்தது. பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். வழி நெடுக உதவும்.

நாங்கள் போனது மே மாதத்தில், கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள் அன்று. ஈஸ்டருக்கு அப்புறம் 39 நாள் கழித்து வரும், எப்போதும் வியாழக்கிழமைதான். ஜெர்மனி முழுக்க அரசு விடுமுறை. அதே நாளை இங்கே அப்பாக்கள் தினமாகவும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் என்றால் அப்பாக்கள் பிள்ளைகளோடு இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து, கையால் இழுக்கிற மரவண்டியில் பியர் பெட்டிகளையும் பாட்டு ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரையில் நடப்பார்கள். அப்பா ஆகாத பையன்கள்தான் அதில் அதிகம்.

டிராமிலிருந்து இறங்கியதும் அப்படி ஒரு வண்டி எங்களைக் கடந்தது. அம்மா நின்று பார்த்தார். "ஏங்கண்ணு, இவங்கெல்லாம் எந்த ஊரு நோம்பிக்குப் போறாங்க?"

"நோம்பி எல்லாம் இல்ல அம்மிச்சி, இன்னைக்கு அப்பாங்களோட நாள்" என்றாள் என் மகள்.

"அப்ப உங்கொப்பன் மட்டும் என்னத்துக்குச் சோத்து மூட்டையத் தூக்கிட்டு வர்றாரு?" என்றார் அம்மா. வீட்டுக்காரர் காதில் விழாதது மாதிரி நடந்தார்.

சோற்று மூட்டை விஷயத்தில் விளையாட்டு இல்லை. விடுமுறை நாளில் சூப்பர் மார்க்கெட் ஒன்றும் திறந்திருக்காது. பேக்கரி சில காலையில் மட்டும் திறக்கும். உணவகங்கள் உண்டு, ஆனால் உச்சி வேளையில் மேசை கிடைப்பது அதிர்ஷ்டம். சைவம் என்றால் பொரித்த உருளைக்கிழங்கும் சாலடும்தான். நாங்கள் எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், உருளை வறுவல் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். ஒன்று மட்டும் கவனம்: உணவகத்தின் மொட்டைமாடி மேசையில் உட்கார்ந்து சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது. பாதையோரம் பெஞ்சுகள் இருக்கின்றன. அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

போகிற வழி சுலபம். பான் ரயில் நிலையத்திலிருந்து 66 எண் டிராம் நேராக மலையடி ஊரான கோனிக்ஸ்வின்டர் போகிறது, அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும். கொலோனிலிருந்து வருபவர்களுக்குக் கோப்லென்ஸ் பக்கம் போகிற ரயில்களில் ரைனின் வலக்கரை வழியாகப் போகிறவை கோனிக்ஸ்வின்டரில் நிற்கும். ஜெர்மனி முழுக்க டிராமிலும் உள்ளூர் ரயிலிலும் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் இரண்டுக்கும் அது போதும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். ஊரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு மட்டும் மறக்காமல் தனி டிக்கெட் எடுங்கள். உங்கள் டிக்கெட்டில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள முடியாது. மலை ரயிலுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லாது, அதற்குத் தனிக் கட்டணம்.

அந்த மலை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊருக்குள் பத்து நிமிடம் நடந்தால் கீழ் ஸ்டேஷன். பழைய நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதை விட்டு வர மாட்டார்கள். 1883 ஜூலை 17 அன்று ஓடத் தொடங்கிய ரயில் இது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற பல்சக்கர ரயில்களில் ஜெர்மனியிலேயே மூத்தது. பாதையின் நீளம் 1,520 மீட்டர். அதற்குள் 220 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. பயணம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கள் தாத்தா மேட்டுப்பாளையம் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். அதனால் அம்மா ஜன்னல் ஓரம் தேடுவதற்கு முன்னால் குனிந்து தண்டவாளத்தைத்தான் பார்த்தார். ஊட்டி ரயிலில் நடுவில் இரண்டு பல்வரிசைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்; ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள். "ஏணியப் படுக்கப் போட்டு வெச்ச மாதிரியில்ல இருக்குது" என்றார். சரியாகச் சொன்னார். அந்தக் குறுக்குக் கட்டைகளில் வண்டிக்கு அடியிலுள்ள பல்சக்கரம் மாட்டி மாட்டி ஏறுகிறது. ரிக்கன்பாக் என்ற பொறியாளரின் முறை அது. ஊட்டிப் பாதையில் இருப்பது அதற்குப் பின்னால் வந்த ஆப்ட் முறை.

ஊட்டி ரயில் மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும். இது ஐந்து அடி போனால் ஓர் அடி ஏறுகிறது. நம் ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கியது 1899இல், அதாவது இதற்கு 16 ஆண்டுகள் பின்னால். இதையெல்லாம் நான் கைபேசியில் தேடிச் சொன்னதும் அம்மாவுக்கு இந்தக் கரட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது. "ஆனா நம்முளுது அஞ்சு மணி நேரமாச்சும் போகும். இது உக்காரதுக்குள்ள எறங்கச் சொல்லுதே" என்று ஒரு குறையும் வைத்தார். நியாயமான குறைதான். பயணம் போதவில்லை என்ற நினைப்போடுதான் எல்லோரும் இறங்குகிறார்கள்.

இந்த ரயிலுக்கு ஒரு துயரமான நாளும் உண்டு. 1958 செப்டம்பர் 14 அன்று கீழே இறங்கி வந்த நீராவி ரயில் கட்டுப்பாடு இழந்து தடம் புரண்டது, 17 பேர் இறந்தார்கள். மின்சார வண்டிகள் 1953இலேயே வந்திருந்தன. அந்த விபத்துக்குப் பின் நீராவியை அடியோடு விட்டுவிட்டார்கள்.

டிக்கெட் வாங்கும்போதே நடு ஸ்டேஷனில் இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ரயிலையும் மாளிகையையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகவும் கேட்கலாம். விடுமுறை நாளில் பத்தரை மணிக்கு மேல் வரிசை நீள ஆரம்பிக்கும். பெரியவர்களை நிற்க வைக்காமல் முன்கூட்டியே போய்விடுவது உத்தமம்.

நடு ஸ்டேஷனில் இறங்கிச் சின்ன நடை நடந்தால் ஷ்லோஸ் டிராகன்பூர்க், நான் சொன்ன அந்த மாளிகை. இதை விட்டுவிட்டு உச்சிக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது புரிவதேயில்லை. எங்கள் கூட்டத்தில் ஐந்து வயதுக்காரனும் இருந்தான், எழுபதை நெருங்குகிறவரும் இருந்தார். எல்லோருக்கும் ஒரே அளவு பிடித்த இடம் அன்றைக்கு இது ஒன்றுதான்.

பார்த்தால் இடைக்கால ராஜா கோட்டை மாதிரி கோபுரமும் கொத்தளமுமாக இருக்கும். உண்மையில் கட்டியது 1882இலிருந்து 1884க்குள். கட்டியவர் ராஜாவும் இல்லை. பானில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்து, பாரிஸ் போய்ப் பங்குச் சந்தையில் பணத்தை அள்ளிய ஸ்டெஃபான் சார்ட்டர். 1881இல் பாரன் பட்டம் வந்தது, பட்டத்துக்கு ஏற்ற வீடு வேண்டுமே என்று இதை எழுப்பினார். எழுப்பி முடித்தபின் இங்கே குடிவரவே இல்லை, பாரிஸிலேயே இருந்து 1902இல் அங்கேயே இறந்துபோனார்.

"இத்தன பணத்தக் கொட்டிக் கட்டிப்போட்டு ஒரு பொழுது கூட இருக்கலையா?" என்று அம்மா அறைக்கு அறை கேட்டுக்கொண்டே வந்தார். சாப்பாட்டு அறை, வேட்டை அறை, பில்லியர்ட்ஸ் அறை, சீக்ஃப்ரீட் கதையைச் சுவர் முழுக்கத் தீட்டிய அறை, அப்புறம் அந்தப் பெரிய படிக்கட்டு. எல்லாமே குடியிருக்க வராத மனிதனுக்காகச் செய்தவை.

அதற்குப் பின் கட்டடத்துக்கு வந்த வாழ்வுதான் இன்னும் வேடிக்கை. கிறிஸ்தவத் துறவிகள் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளியாக இருந்தது. 1942இலிருந்து போர் முடியும்வரை நாஜிக்களின் அடால்ஃப் ஹிட்லர் பள்ளி. போருக்குப் பின் ரயில்வே ஊழியர்களுக்குப் பயிற்சிக்கூடம். அதுவும் போனபின் ஆளில்லாமல் பாழடைந்து, இடித்துவிடலாம் என்ற பேச்சு வரைக்கும் போனது. 1971இல் பவுல் ஸ்பினாட் என்ற தனி ஆள் வாங்கிச் சொந்தப் பணத்தில் ஒட்டுப்போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆள் கொஞ்சம் நாடகக்காரர். குழாய்கள் வைத்த பெரிய ஆர்கன் ஒன்றை அமைத்து, விருந்தாளிகள் முன்னால் உட்கார்ந்து வாசிப்பாராம். குழாய்கள் வெறும் அலங்காரம், இசை வந்தது டேப்பிலிருந்து! குடிவராத சார்ட்டரை விட இந்த மனிதர்தான் மாளிகைக்குப் பொருத்தமான சொந்தக்காரர் என்பது என் எண்ணம். 1989இல் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவின் அறக்கட்டளை ஒன்று வாங்கிக்கொண்டது. பழுதுபார்க்கும் வேலை 1995இலிருந்து 2010 வரை நடந்தது.

வெளியே மொட்டைவெளியில் தங்க முலாம் பூசிய இரண்டு மான் சிலைகள். என் மகனை அங்கிருந்து கிளப்பத் தனியாக ஒரு பஞ்சாயத்து நடத்த வேண்டியிருந்தது. கோபுரத்தில் குறுகலான படிகள். முழங்கால் வலிக்காரர்கள் அதை விட்டுவிடலாம், தோட்டத்திலிருந்து தெரிகிற ரைனே தாராளம். முன்கட்டடத்தில் ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. படிக்க நிறைய, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் குறைவு. சின்னப் பிள்ளைகளோடு போனால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்த ரயிலைப் பிடித்து உச்சி. கண்ணாடிப் பெட்டியாகக் கட்டிய உணவகம், முன்னால் அகலமான தளம், தளம் முழுக்க மக்கள். தென்னிந்தியச் சுற்றுலாத் தலம் எதிலும் இதை விடக் கூட்டம் பார்த்தவர்கள்தானே நாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அமைதி வேண்டி வருகிறவர்களுக்கு இது இடமில்லை. காட்சி என்னவோ பிரமாதம்தான். கீழே ரைனில் நோனன்வெர்ட், கிராஃபன்வெர்ட் என்று இரண்டு தீவுகள். எதிர்க்கரையில் ரோலண்ட்ஸ்போகன் என்ற ஒற்றை வளைவு. வடக்கே பான், அதில் தனியாக நிற்கிற போஸ்ட் டவர் என்ற உயரக் கட்டடம். வானம் தெளிவாக இருந்தால் கொலோன் பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் கூடத் தெரியும். பாரம் ஏற்றிய நீளப் படகுகள் நீரோட்டத்தை எதிர்த்து ஊர்ந்துகொண்டே இருந்தன. அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். படகு பார்ப்பதற்கு அவருக்கு ஒருவர் துணை கூடத் தேவைப்படவில்லை.

ஸ்டேஷனிலிருந்து கோட்டை இடிபாட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், படிகள் உண்டு. கோட்டை 12ஆம் நூற்றாண்டில் கொலோன் பேராயர் கட்டியது, முப்பதாண்டுப் போரின்போது 1634இல் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு கோபுரத்தின் பாதி. ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள் எல்லோரும். இறங்காதீர்கள். சுவருக்கு அருகில் போங்கள். கை வைத்துப் பாருங்கள்.

கல் சாம்பல் நிறம், கை பட்டால் சொரசொரப்பு. அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் செவ்வகத் துண்டுகள் பதிந்திருக்கும், சில விரல் நீளம் கூட உண்டு. சுற்றியிருக்கிற கல் மழையிலும் பனியிலும் கரைய, இந்தத் துண்டுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. தலையைச் சாய்த்து வெயிலுக்கு நேராகப் பார்த்தால் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னும், அடுத்த நொடி மங்கிவிடும். என் மகள் அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்கத் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கல்லின் பெயர் டிராக்கைட், எரிமலைக் குழம்பு இறுகியது. மின்னுகிற துண்டுகள் சானிடின் என்ற கனிமத்தின் படிகங்கள்.

ரோமானியர் காலத்திலேயே இங்கே கல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். 1248இல் கொலோன் பேராலயத்துக்கு அடிக்கல் போட்டபின் அதற்கும் கல் இந்த மலையிலிருந்துதான் ரைன் வழியாகப் படகில் போனது. அடுத்த முறை கொலோன் போனால் பேராலயத்தின் பழைய பகுதிச் சுவர்களில் இதே வெள்ளைத் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். வெட்டி வெட்டி மலை மெலிந்து, மேலே இருந்த கோட்டையே சரிய ஆரம்பித்தது. கல்குவாரிக்காரர்களுக்கும் கோட்டை மேல் ஆசை கொண்டவர்களுக்கும் தகராறு முற்றி, 1836இல் பிரஷ்ய அரசே உச்சியை விலைக்கு வாங்கிக் கல் வெட்டுவதை நிறுத்தியது. ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்புக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். இயற்கைக்காக இல்லை, இடிபாட்டின் அழகுக்காகக் காப்பாற்றினார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. காரணம் எதுவானால் என்ன, மலை மிஞ்சியது.

சாப்பாட்டை முடித்தபின் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். இது நான் எல்லோருக்கும் சொல்கிற ஏற்பாடு. அம்மா, மகன், வீட்டுக்காரர் மூவரும் ரயிலில் இறங்கி, 66 டிராம் பிடித்து அடுத்த ஊரான ரோண்டோர்ஃபில் காத்திருப்பது. நானும் மகளும் நடந்து அங்கே போய்ச் சேருவது. நீலப் பட்டையில் வெள்ளையாக வளைந்த 'ஆர்' எழுத்து தெரிகிறதா பாருங்கள். பானிலிருந்து வீஸ்பாடன் வரை 320 கிலோமீட்டர் போகிற ரைன்ஷ்டைக் நடைபாதையின் அடையாளம் அது. அதைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கினால் போதும். பாறை சரியும் ஆபத்து இருப்பதால் இந்த மலையில் பாதைகளை அவ்வப்போது மூடுவதுண்டு. கிளம்புமுன் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்திலிருந்து இறங்கி இரண்டு வளைவு திரும்பியதும் சத்தம் அத்தனையும் அறுந்துவிட்டது. பீச் மரங்கள். மே மாதத்து இலை இன்னும் முற்றாமல், வெயில் ஊடுருவுகிற இளம்பச்சை. படிகள் நிறைய, செங்குத்தானவை, மழை பெய்திருந்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு வராதீர்கள். ஈரமான பள்ளம் ஒன்றில் திடீரென்று பூண்டு வாசம் மூக்கில் ஏறியது. யாரோ பக்கத்தில் சமைக்கிறார்கள் என்றாள் மகள். காட்டுப் பூண்டு. தரையை மூடிக்கொண்டு அகல இலைகள், மேலே வெள்ளைப் பூ. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் கை நாள் முழுக்க ரசம் மணக்கும். பறித்துச் சமைக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட காடு. தவிர இதே மாதிரி இலையுள்ள லில்லி ஆஃப் த வேலி கடும் விஷம். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் ஹலோ சொன்னார்கள். ஊருக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்வதில்லை, காட்டுக்குள் மட்டும் இந்த மரியாதை. பியர் வண்டிகள் இந்தப் படிகளில் இறங்க முடியாது என்பது கூடுதல் லாபம்.

காடு முடிந்து ரோண்டோர்ஃப் தொடங்குகிற இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் கான்ராட் அடெனாவர் இங்கேதான் குடும்பத்தோடு அடக்கமாகியிருக்கிறார். "ஏர்போர்ட் பேர்ல இருக்கிற அடெனாவரா?" என்று கேட்டாள் மகள். ஆமாம், கொலோன் பான் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். காவல் இல்லை, கட்டணம் இல்லை, ஆளுயரச் சிலை இல்லை. மற்றக் கல்லறைகளைப் போலவே செடி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

கீழே ஊருக்குள் மற்ற மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் கையில் ஐஸ்கிரீம், வீட்டுக்காரர் முகத்தில் கடுப்பு. கோனிக்ஸ்வின்டர் ஆற்றங்கரையில் ஒரு கடையில் வெகுநேரம் வரிசையில் நின்று, முறை வந்தபோது கார்டு வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அறிவிப்புத் தாள் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்ததாம், வரிசையில் நிற்கிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில். அம்மாவின் கைப்பையில் நான் வைத்துவிட்டிருந்த இருபது யூரோ நோட்டுதான் மானத்தைக் காப்பாற்றியது. இந்த நாட்டில் விடுமுறை நாளில் சில்லறையாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக்கும் அது வேண்டும்.

அடெனாவர் வீடு இதே ஊரில், சரிவில் ஏறிப் போகிற தோட்டத்துக்கு மேலே. நுழைவு இலவசம், ஆனால் படிகள் ஐம்பதுக்கு மேல் என்பதால் அன்றைக்கு அம்மாவுக்காக விட்டுவிட்டோம். நான் முன்பு பார்த்திருக்கிறேன். சரிவு முழுக்க ரோஜாச் செடிகள், மேலே அளவான ஒரு வீடு. சான்சலர் ஆன பிறகும் இங்கேயே இருந்து, தினமும் ஃபெர்ரியில் ரைனைக் கடந்து பான் அலுவலகத்துக்குப் போய்வந்தார். 73 வயதில் பதவிக்கு வந்து 14 ஆண்டு ஆண்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். "எழுபத்து மூணுலயா? அப்ப அந்தப் படியெல்லாம் எப்படி ஏறுனாராம்?" என்று தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னும் சில விஷயங்கள். டிராகன் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளை இருந்தால் கழுதைப் பாதை எனப்படும் பழைய நடைவழியில் 1913இல் கட்டிய நிபெலுங்கன் மண்டபம் இருக்கிறது. அதன் பின்னால் குகைவழி, முடிவில் 13 மீட்டர் நீளக் கல் டிராகன், பக்கத்திலேயே பாம்பும் முதலையும் உள்ள சின்னக் காட்சிக்கூடம். என் மகனுக்கு அது சொர்க்கம், எனக்கு ஒருமுறை போதும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இருந்தால் ரயில் நிறுவனத்திடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. தள்ளுவண்டிக் குழந்தையோடு ரோண்டோர்ஃப் இறக்கம் வேண்டவே வேண்டாம், முதுகில் கட்டிக்கொள்ள முடிந்தால் மட்டும் நடங்கள்.

பணம் என்று பார்த்தால் ரயிலும் மாளிகையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்குக் கணிசமாகவே ஆகும். கையைக் கடிக்கிறது என்றால் ரயிலை விட்டுவிட்டுக் கழுதைப் பாதையில் ஏறுங்கள், மாளிகையை விடாதீர்கள். பெரியவர்கள் உடன் இருந்தால் அப்படிச் செய்ய வழியில்லை, ரயிலுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விடுமுறை நாளில்தான் போவேன் என்றால் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், எனக்கு இன்னும் பிடிக்கும். இலை நிறம் மாறத் தொடங்கியிருக்கும், ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில் அறுவடைக் காலம், பியர் வண்டியும் இருக்காது. அப்பாக்கள் தினத்தில் போனால் மாலை ஐந்து மணிக்கு முன் டிராம் ஏறிவிடுங்கள். அதற்கப்புறம் வண்டி இழுத்தவர்கள் எல்லோரும் திரும்ப ஆரம்பிப்பார்கள், பாட்டும் கூடவே ஏறும்.

பான் பக்கம் போகிற 66இல் இடது கை ஜன்னலைப் பிடியுங்கள். கோனிக்ஸ்வின்டர் வரை தண்டவாளம் ரைனை ஒட்டியே போகிறது, உட்கார்ந்த இடத்திலிருந்தே படகு பார்க்கலாம்.